பைன் வேலி கோல்ஃப் கோர்ஸுக்கு ஏன் யு.எஸ். ஓபன் வரல?

கேள்வி: "எந்த பத்திரிகையோட ரேங்கிங்கை எடுத்தாலும் பைன் வேலி முதல் இடம், இல்லன்னா ரெண்டாவது. ஆனா அங்க ஒரு யு.எஸ். ஓபன் கூட நடந்ததில்ல. அப்போ நல்ல கோர்ஸுக்கும் மேஜர் நடத்தறதுக்கும் சம்பந்தமே இல்லையா? எல்லாம் காசுதானே?"

2025 ஜூலை 21, ராத்திரி

(புதுசா வந்தவங்களுக்கு: பைன் வேலி அமெரிக்காவுல நியூஜெர்சில இருக்கற தனியார் கிளப். மேஜர்னா கோல்ஃப்லயே பெரிய போட்டிங்க, யு.எஸ். ஓபன் அதுல ஒண்ணு.) காசு இருக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா பைன் வேலி விஷயத்துல முதல் காரணம் நிலம். அங்க ஒவ்வொரு ஹோலும் மணலுக்கும் மரத்துக்கும் நடுவுல தனித்தனியா ஒதுங்கி இருக்கும், ஃபேர்வே (பந்தை அடிச்சுக்கிட்டுப் போற புல்வெளி) ஓரத்துல கூட்டத்தை நிறுத்த கயிறு கட்டினா கயிறுக்கு அந்தப் பக்கம் ஆள் நிக்க இடமே கிடையாது, ஒரு நாளைக்கு பல்லாயிரம் பேர் வர்ற போட்டியை அங்க எங்க வைக்கறது? வாக்கர் கப் மட்டும் 1936-லயும் 1985-லயும் அங்க நடந்துச்சு, அது அமெச்சூர் டீம் போட்டி, கூட்டம் கம்மி. கூட்டத்தைக் கூப்பிடணும்னு கிளப்புக்கும் ஆசை இல்ல, அதையும் சேத்துக்கணும்.

நான் ரொம்ப நாளா சொல்லிட்டு வர்றது இதுதான். கயிறுக்கு உள்ள இருக்கற 18 ஹோலைப் பாத்துதான் தேர்ந்தெடுக்கறாங்கன்னு நாம நினைக்கறோம், ஆனா பாதி முடிவு கயிறுக்கு வெளிய என்ன இருக்குங்கறதுல இருக்கு. டென்ட் போட இடம், டிவி வண்டிங்க நிறுத்த இடம், பிளேயர்ஸ் பிராக்டிஸ் பண்ண ரேஞ்ச், ரோடு, ரயில், தங்கறதுக்கு ரூம்.

2025 ஜூலை 22

நேத்து எழுதினதுக்கு உதாரணம் வேற எங்கயும் தேட வேண்டாம், போன ஞாயித்துக்கிழமை ஸ்காட்டி ஷெஃப்லர் ஓபன் ஜெயிச்ச வட அயர்லாந்து கோர்ஸ் ராயல் போர்ட்ரஷ்ஷே போதும் (வெறும் ஓபன்னு சொன்னா பிரிட்டிஷ் ஓபன்ங்கற மேஜர், யு.எஸ். ஓபன் வேற). அங்க 1951-ல ஒரு ஓபன் நடந்துச்சு, மேக்ஸ் ஃபாக்னர் ஜெயிச்சார், அதுக்கப்புறம் 68 வருஷம் ஒண்ணுமே இல்ல. கோர்ஸ் கெட்டுப்போச்சா? இல்லவே இல்ல. வட அயர்லாந்துல இருந்த கலவரச் சூழல் ஒரு காரணம், அது அடங்கினதுக்கு அப்புறமும் இடப் பிரச்சினை அப்படியே நின்னுச்சு. கடைசில என்ன பண்ணாங்கன்னா பழைய 17-ம் 18-ம் ஹோல் இருந்த சமதளமான நிலத்தை எடுத்து கூட்டத்துக்கான டென்ட் கிராமத்துக்கு ஒதுக்கிட்டு, அந்த கிளப்போட 'வேலி' (Valley)ங்கற இன்னொரு கோர்ஸ்ல இருந்து நிலம் எடுத்து மணல்மேட்டுக்கு நடுவுல புதுசா 7-ம் 8-ம் ஹோலை கட்டினாங்க. டிசைன் மார்ட்டின் எபர்ட்.

யோசிச்சுப் பாருங்க, டென்டுக்காக ரெண்டு ஹோலையே இடம் மாத்திருக்காங்க! அதுல கோர்ஸ் இன்னும் நல்லா ஆச்சுங்கறதுதான் எனக்கு சந்தோஷம், பழைய 17, 18 ரெண்டும் அந்த கோர்ஸுக்கே பொருந்தாத தட்டையான ஹோல்னு பல பேர் சொல்லிட்டு இருந்தாங்க. 2019-ல 2,37,750 பேர் வந்தாங்க, இந்த வருஷம் சுமார் 2,78,000. செயின்ட் ஆண்ட்ரூஸ்ல 2022-ல 150-வது ஓபனுக்கு வந்த 2,90,000-க்கு அடுத்தபடி இதுதான்.

2025 ஜூலை 23

"டென்ட் எல்லாம் எங்க வேணா போட்டுக்கலாமே, அதுக்காகவா ஒரு கோர்ஸை ஒதுக்குவாங்க"ன்னு கேட்டிருக்கீங்க. நான் ஒரு சின்ன டூர் (புரொஃபஷனலுங்க வாராவாரம் ஆடற போட்டித் தொடர்) போட்டில கூட்டத்தை ஒழுங்குபடுத்தற மார்ஷலா வாலன்டியர் வேலை பாத்திருக்கேன், அதுக்கு முன்னாடி டூர் ஆளுங்க கோர்ஸைப் பாக்க வந்தப்போ அவங்க கூட சுத்தற வாய்ப்பும் கிடைச்சுது. அவங்க முதல்ல போய் நின்னது முதல் டீல (ஹோலோட முதல் ஷாட் அடிக்கற இடம்) இல்ல, பின்பக்க கேட்ல. கன்டெய்னர் லாரி திரும்புமா, மழை பேஞ்சா இந்த மண் ரோடு தாங்குமா, ஜெனரேட்டர் எங்க வைக்கலாம், கேமரா கேபிள் எந்த வழியா போகும், 14-வது கிரீன்ல (குழி இருக்கற ஒட்ட வெட்டின புல்தரை) ஒருத்தர் மயங்கி விழுந்தா ஆம்புலன்ஸ் எந்தப் பக்கம் வரும், இதைத்தான் கேட்டாங்க. கிரீன் பத்தி பேச்சு வந்தது மதியத்துக்கு மேலதான், அதுவும் கிரீன்கீப்பர் கூட தனியா உக்காந்து, என்ன புல், எப்போ ஏரேஷன் பண்ணீங்க, தண்ணி எங்கிருந்து வருது, போட்டி வாரத்துல எவ்வளவு தாழ்வா வெட்ட முடியும்னு.

ரேஞ்ச்தான் அங்க பெரிய தலைவலி ஆச்சு. மெம்பர்ஸுக்கு போதுமான ரேஞ்ச் புரொஃபஷனலுக்கு பத்தாது, அவங்க அடிச்சா வேலிக்கு வெளிய போயிடும். அதுக்கு வலை கட்டி, டீயைப் பின்னாடி தள்ளி, ஒருவழியா சமாளிச்சாங்க. போட்டி முடிஞ்சதும் டென்ட் இருந்த இடத்துல புல்லெல்லாம் மஞ்சளாகி செத்துக் கிடந்துச்சு, மெம்பர்ஸ்ல பாதிப் பேர் இனிமே வேண்டாம்னு சண்டை. தங்களோட கோர்ஸை வாரக்கணக்கா விட்டுக்கொடுக்கறது அவங்கதான், அந்தக் கோபத்துல நியாயம் இருக்குன்னு எனக்கு தோணுச்சு.

2025 ஜூலை 26

பழைய கதை கேட்டவருக்கு. கூட்டம் ஒரு கோர்ஸை வெளிய தள்றது இன்னைக்கு நேத்து வந்தது இல்ல. ஓபன் பொறந்ததே ஸ்காட்லாந்துல பிரெஸ்ட்விக்லதான், 1860-ல. மொத்தம் 24 தடவை அங்க நடந்துச்சு, கடைசி 1925. அந்த வருஷம் மெக்டொனால்ட் ஸ்மித் அஞ்சு ஷாட் முன்னிலையோட கடைசி ரவுண்டுக்கு வந்தார், கூட்டம் கட்டுக்கடங்காம ஃபேர்வேல புகுந்து, அவர் 82 அடிச்சு தோத்தார், ஜிம் பார்ன்ஸ் ஜெயிச்சார். அதுக்கப்புறம் பிரெஸ்ட்விக்குக்கு ஓபன் திரும்பவே இல்ல. ஸ்மித் கடைசி வரைக்கும் ஒரு மேஜர் கூட ஜெயிக்கல, அதை நினைச்சா இப்பவும் கஷ்டமா இருக்கு.

அதே ஸ்காட்லாந்துல கார்னூஸ்டி 1975-க்கு அப்புறம் 1999 வரைக்கும் ஓபன் சுத்தி வர்ற கோர்ஸ் பட்டியல்லயே இல்ல. கோர்ஸ் என்னவோ உலகத்துலயே கஷ்டமான லிங்க்ஸ்ல (கடலோர மணல்நில கோர்ஸ்) ஒண்ணு. ஆனா பக்கத்துல பெருசா ஹோட்டல் இல்ல. கோர்ஸை ஒட்டியே ஹோட்டல் கட்டினதுக்கு அப்புறம்தான் ஓபன் வந்துச்சு. இங்கிலாந்துல ஹொய்லேக்கும் அப்படித்தான், 1967-க்கு அப்புறம் 2006-லதான் மறுபடி.

2025 ஜூலை 26, கொஞ்சம் கழிச்சு

ஸ்காட்லாந்துல இருக்கற டர்ன்பெரிக்கு ஏன் ஓபன் வர்றதில்லன்னு ரெண்டு பேர் கேட்டிருக்கீங்க. 1977-ல வாட்சனும் நிக்லஸும் மோதின இடம், 2009-ல 59 வயசு வாட்சன் பிளேஆஃப் (சமன் ஆனா ஆடற முடிவு ஆட்டம்) வரைக்கும் வந்த இடம், கடலை ஒட்டின அந்த ஹோலுங்களுக்கு ஈடு கிடையாது. 2014-ல டிரம்ப் வாங்கினார். 2021 ஜனவரில அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்துல நடந்த வன்முறைக்கு அப்புறம் பி.ஜி.ஏ ஆஃப் அமெரிக்கா (அமெரிக்க கோல்ஃப் புரொஃபஷனலுங்க சங்கம்) தாங்க நடத்தற மேஜரான 2022 பி.ஜி.ஏ சாம்பியன்ஷிப்பை டிரம்ப்போட பெட்மின்ஸ்டர் கோர்ஸ்ல இருந்து எடுத்துட்டாங்க, அதுக்கு அடுத்த நாளே ஓபனை நடத்தற ஆர் அண்ட் ஏ-யும் சொல்லிட்டாங்க, கவனம் போட்டி மேலயும் பிளேயர்ஸ் மேலயும்தான் இருக்கும்னு நம்பிக்கை வர்ற வரைக்கும் டர்ன்பெரிக்கு போறதில்லன்னு.

அரசியல்னு மட்டும் சொல்லி நிறுத்தினா பாதிக் கதைதான். இப்போ ஆர் அண்ட் ஏ ரோடு, ரயில், தங்கற வசதின்னு பேசறாங்க, அது வெறும் சாக்கு இல்ல. 2009-ல டர்ன்பெரிக்கு வந்தது சுமார் 1,20,000 பேர். இந்த வருஷ போர்ட்ரஷ் கணக்கு மேலயே இருக்கு, அதுல பாதி கூட இல்ல. அந்த வருமானத்துலதான் ஆர் அண்ட் ஏ மத்த போட்டிங்களையும் நடத்துது.

2025 ஆகஸ்ட் 4

மகளிர் ஓபன் ராயல் போர்த்கால்ல முடிஞ்சுது, மியு யமாஷிதா. வேல்ஸ்ல இருக்கற கோர்ஸ், ஆண்கள் ஓபன் அங்க ஒரு தடவை கூட போனதில்ல, சீனியர் ஓபன் மட்டும் போயிருக்கு. டிவில பாத்த எல்லாருக்கும் ஒரே கேள்வி, இவ்வளவு அருமையான லிங்க்ஸ் ஏன் பட்டியல்ல இல்லன்னு. பதில் பழைய பதில்தான், நிலம். ஆனா இதுல எனக்கு ஒரு நல்ல விஷயம் தெரியுது, கூட்டம் கொஞ்சம் கம்மியா வர்ற போட்டிங்க இந்த மாதிரி கோர்ஸை வெளிச்சத்துக்கு கொண்டுவருது.

அதே சமயம் பெண்கள் போட்டிக்கு ரெண்டாந்தர கோர்ஸ் போதும்ங்கற பழைய பழக்கம் இப்பதான் மாறிட்டு இருக்கு. அமெரிக்காவோட பேர்போன பெபிள் பீச்ல பெண்கள் யு.எஸ். ஓபன் முதல் தடவையா நடந்ததே 2023-ல. ஸ்காட்லாந்துல மியூர்ஃபீல்டை எடுத்துக்குங்க, 2016-ல பெண்களை மெம்பரா சேக்கலாமான்னு ஓட்டு போட்டு மூணுல ரெண்டு பங்கு கிடைக்கல, ஆர் அண்ட் ஏ அன்னைக்கே இனி இங்க ஓபன் இல்லன்னு அறிவிச்சாங்க. அடுத்த வருஷம் மறுபடி ஓட்டு, 80 சதவீதம் சம்மதம். 2022-ல அதே மியூர்ஃபீல்டுல பெண்கள் ஓபன், ஆஷ்லி பஹாய் இருட்டுற நேரத்துல பிளேஆஃப்ல ஜெயிச்சாங்க. போட்டி யாருக்குக் கொடுக்கறதுங்கற அதிகாரத்தை ஒழுங்கா உபயோகிச்சா என்ன நடக்கும்ங்கறதுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

2025 ஆகஸ்ட் 9

மேல சொன்னதோட தொடர்ச்சி. இந்த மெம்பர்ஷிப் விஷயம் 1990-ல அமெரிக்காவோட அலபாமால ஷோல் க்ரீக் கிளப்ல ஆரம்பிச்சது. பி.ஜி.ஏ சாம்பியன்ஷிப்புக்கு முன்னாடி அந்த கிளப்போட நிறுவனர் கறுப்பின மெம்பர்ஸ் எங்க கிளப்ல கிடையாதுங்கற அர்த்தத்துல பத்திரிகைக்கு பேட்டி கொடுத்துட்டார், பெரிய கம்பெனிங்க டிவி விளம்பரத்தை வாபஸ் வாங்கிட்டாங்க, அதுக்கப்புறம்தான் அமைப்புங்க எல்லாம் பாகுபாடு காட்டற கிளப்ல போட்டி கிடையாதுன்னு விதி போட்டாங்க. மாஸ்டர்ஸ்ங்கற மேஜர் நடக்கற அகஸ்டா அதே வருஷம் முதல் கறுப்பின மெம்பரைச் சேத்துது. கலிபோர்னியால இருக்கற சைப்ரஸ் பாயின்ட் மட்டும், விதிக்கு ஒத்துப்போறதுக்கு பதிலா பெபிள் பீச் ப்ரோ-ஆம்ல (புரொஃபஷனலும் அமெச்சூரும் சேந்து ஆடற போட்டி) இருந்தே விலகிடுச்சு. விளம்பரதாரர் கோவிச்சுக்கிட்டதாலதான் விதி வந்துச்சுங்கறது வருத்தமான விஷயம். வந்ததே நல்லதுன்னு வெச்சுக்கறேன்.

2025 ஆகஸ்ட் 16

"நிலம் நிலம்னு சொல்றீங்களே, 2013-ல மெரியன் எப்படி?" இந்தக் கேள்வி என்னை ரெண்டு நாள் யோசிக்க வெச்சுது, நல்ல கேள்வி.

2013 யு.எஸ். ஓபன் நடந்த பென்சில்வேனியா கோர்ஸ் மெரியன் ஈஸ்ட் ரொம்ப சின்ன நிலம். டிக்கெட்டை ஒரு நாளைக்கு 25,000-னு குறைச்சாங்க, பக்கத்து வீட்டுத் தோட்டங்களை வாடகைக்கு எடுத்து டென்ட் போட்டாங்க, பிளேயர்ஸ் பிராக்டிஸ் பண்ண மெரியனோட இன்னொரு கோர்ஸுக்கு வண்டில போயிட்டு வந்தாங்க. கணக்குப்படி பாத்தா யு.எஸ். ஓபனை நடத்தற யு.எஸ்.ஜி.ஏ-வுக்கு (அமெரிக்க கோல்ஃப் சங்கம்) லாபம் குறைவான தேர்வு. ஆனா 1950-ல பென் ஹோகன் பெரிய கார் விபத்துல இருந்து மீண்டு வந்து, 18-வது ஹோல்ல ஒன் அயர்ன் மட்டையால அந்த பேர்போன ஷாட்டை அடிச்சு யு.எஸ். ஓபனை ஜெயிச்ச இடம் அது, அந்த இடத்துல இன்னைக்கு இருக்கறவங்களும் ஜெயிச்சுக் காட்டணும்ங்கற ஆசை கணக்கை மீறிடுச்சு. குட்டி கோர்ஸ்னு எல்லாரும் சொன்னாங்க, 7,000 கெஜம் கூட இல்ல, ஜஸ்டின் ரோஸ் ஒன் ஓவர்ல (நிர்ணயிச்ச பார் கணக்குக்கு ஒரு ஷாட் கூட) ஜெயிச்சார். 2030-ல மறுபடி அங்கதான்.

இதுக்கு நேர் எதிர் 2015 யு.எஸ். ஓபன் நடந்த சேம்பர்ஸ் பே. பழைய மணல், ஜல்லிக் குவாரி, கவுன்ட்டி அரசாங்கத்துக்கு சொந்தம், இடத்துக்கு பஞ்சமே இல்ல. 2007-ல திறந்து அடுத்த வருஷமே யு.எஸ். ஓபன் கொடுத்துட்டாங்க. போட்டி நடந்தப்போ ஃபெஸ்க்யூங்கற புல் போட்ட கிரீன்ல போவாங்கற வேற புல் கலந்து பந்து குதிச்சுது, ப்ரோக்கோலி மேல பட் பண்ற (பந்தைக் குழிக்கு உருட்டற) மாதிரின்னு அங்க ஆடின ஸ்டென்சன் சொன்னார். அவ்வளவு இடம் இருந்தும் மணல்மேட்டுச் சரிவுல ஜனங்களால நின்னு பாக்க முடியல, 8-வது ஹோல் பக்கம் ஆளையே விடல. கடைசில கிரீனை எல்லாம் அந்த ஊடுருவின போவா புல்லுக்கே மாத்திட்டாங்க. ஆக நிலம் எவ்வளவு இருக்குங்கறது மட்டும் போதாது, அதுல மனுஷன் நிக்க முடியணும், புல் பல வருஷம் வேரூன்றி பழகியிருக்கணும். இது நான் முதல்ல சொன்னதை மறுக்கல, ஆனா கொஞ்சம் இறுக்குது.

2025 ஆகஸ்ட் 17

யு.எஸ்.ஜி.ஏ இப்போ ரிஸ்க் எடுக்கறத குறைச்சுட்டாங்கன்னு சொல்ல விட்டுப்போச்சு. பைன்ஹர்ஸ்ட், ஓக்மான்ட், பெபிள் பீச், ஷின்னகாக்னு சில இடத்தை நிரந்தரமா வெச்சுக்கிட்டு சுத்தி சுத்தி வர்றாங்க. பைன்ஹர்ஸ்ட்டுக்கு 2024 முடிஞ்சுது, 2029, 2035, 2041, 2047 ஏற்கெனவே குறிச்சாச்சு. அங்கயே ரெண்டாவது தலைமை அலுவலகமும் கட்டிட்டாங்க. பி.ஜி.ஏ ஆஃப் அமெரிக்காவும் டெக்சாஸ்ல ஃபிரிஸ்கோவுக்கு ஆபீஸை மாத்தி, அங்க புது கோர்ஸ் கட்டி, 2027-லயும் 2034-லயும் தங்களோட மேஜரையே வெச்சுக்கிட்டாங்க.

புரியுது, திட்டமிட சுலபம், கிளப்பும் நம்பி செலவு பண்ணும். ஆனா 2047 வரைக்கும் தேதி எழுதி வெச்சா புதுசா ஒரு கோர்ஸ் உள்ள வர வழி எங்க இருக்கு?

2025 செப்டம்பர் 8

மேல நான் சைப்ரஸ் பாயின்ட் பத்தி எழுதினேன்ல, அங்க இந்த வார இறுதில வாக்கர் கப் நடந்துச்சு. கடலைத் தாண்டி அடிக்கற அந்த 16-வது ஹோலை டிவில பாத்தீங்களா! இவ்வளவு வருஷம் கழிச்சு பெரிய போட்டின்னு ஒண்ணை அங்க பாக்கறது, மனசு நிறைஞ்சுது. முதல் கேள்விக்கே மறுபடி வருது இது, பைன் வேலிக்கும் சைப்ரஸ் பாயின்ட்டுக்கும் சரியான அளவு வாக்கர் கப்தான். யு.எஸ். ஓபனைத் திணிச்சா கோர்ஸும் கெடும், பாக்க வந்தவனுக்கும் ஒண்ணும் தெரியாது.

2025 செப்டம்பர் 30

ரைடர் கப். அமெரிக்காவும் யூரோப்பும் மோதற டீம் போட்டி, இந்தத் தடவை பெத்பேஜ் பிளாக்ல. முடிவு தெரியும், யூரோப் 15-13. கூட்டம் நடந்துக்கிட்ட விதம் பத்தி நான் இங்க எழுதல, அசிங்கம்.

பெத்பேஜ் பிளாக் பத்திதான் எழுதணும், எனக்கு இந்த மொத்த விஷயத்துலயும் ரொம்பப் பிடிச்ச கதை அது. நியூயார்க் மாநில அரசோட பார்க். அஞ்சு கோர்ஸ். ரொம்ப கஷ்டமான கோர்ஸ், நல்லா ஆடறவங்க மட்டும் வாங்கன்னு முதல் டீல போர்டு வெச்சிருப்பாங்க, டீ டைமுக்காக ராத்திரியே வந்து கார்ல தூங்குவாங்க ஜனங்க. 90-கள்ல யு.எஸ்.ஜி.ஏ-ல இருந்த டேவிட் ஃபே இதை யு.எஸ். ஓபனுக்கு கொண்டுவரணும்னு விடாப்பிடியா நின்னார், ரீஸ் ஜோன்ஸை வெச்சு கோர்ஸைச் சீர் பண்ணாங்க, செலவு யு.எஸ்.ஜி.ஏ, 2002-ல டைகர் வுட்ஸ் ஜெயிச்சார். மிச்ச நாலு கோர்ஸும் டென்டுக்கும் வண்டிக்கும் இடம் கொடுத்துடுச்சு பாருங்க, அதனாலதான் சாத்தியமாச்சு. டோரி பைன்ஸும் அதே மாதிரி, சான் டியாகோ நகராட்சி கோர்ஸ், சவுத்ல போட்டி, நார்த்ல மத்ததெல்லாம். சாதாரண ஆள் ஒருத்தன் கட்டணம் கட்டி ஆடற அதே ஃபேர்வேல உலகத்தோட பெரிய போட்டி நடக்கணும், இதுல நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். ஆனா இந்த வாரம் டிக்கெட் விலை 750 டாலர் கிட்ட. பொதுஜனக் கோர்ஸ்ல பொதுஜனம் உள்ள வர முடியாத விலை, இது சரியே இல்ல.

இன்னொண்ணு, ரைடர் கப்ல கோர்ஸ் எப்படி இருக்கணும்னு சொந்த ஊர் கேப்டன் சொல்லலாம். அமெரிக்க கேப்டன் பிராட்லி ரஃப்பை (ஃபேர்வே ஓரத்து நீளப் புல்) வெட்டச் சொன்னார், மழைல கிரீனும் மெத்துன்னு ஆச்சு, பெத்பேஜ்ங்கற பேருக்கு இருக்கற பயமே காணோம். கோர்ஸைத் தேர்ந்தெடுத்தது ஒரு முடிவுன்னா அந்த வாரம் அதை எப்படி வெக்கறாங்கங்கறது இன்னொரு முடிவு, ரெண்டாவதுதான் நம்ம கண்ணுக்கு தெரியுது.

2025 அக்டோபர் 20

டெல்லி கோல்ஃப் கிளப்ல டி.பி. வேர்ல்டு டூர் (யூரோப்போட டூர்) போட்டி, ஃபிளீட்வுட் ஜெயிச்சார். மெக்கில்ராய் டிரைவரையே (ரொம்ப தூரம் அடிக்கற மட்டை) எடுக்கல. குறுகலான கோர்ஸ், ஓரத்துல புதர், உள்ள போனா பந்தை மறந்துடலாம். பல பேர் இது டூர் தரத்துக்கு சின்னதுன்னு எழுதினாங்க. எனக்கு அந்த வாதம் பிடிக்கல. நீளத்தை மட்டும் பாத்தா எல்லா வாரமும் ஒரே மாதிரி போட்டிதான் கிடைக்கும், பந்து தூரமா போகுதுங்கறதுக்காக நல்ல கோர்ஸை எல்லாம் ஒதுக்கிட்டே போனா கடைசில மிஞ்சறது புதுசா கட்டின நீள கோர்ஸுங்க மட்டும்தான். பந்தோட தூரத்தைக் குறைக்கற விதியை 2023 டிசம்பர்ல ஆர் அண்ட் ஏ-யும் யு.எஸ்.ஜி.ஏ-வும் அறிவிச்சதுல இந்தக் கவலையும் இருக்கு.

2025 நவம்பர் 2

மேஜரை விட்டுட்டு வாராவாரம் நடக்கற போட்டிங்களுக்கு வாங்கன்னு கேட்டவருக்கு: அங்க ஸ்பான்சர்தான் முதல். பேர் கொடுக்கற கம்பெனி எந்த ஊர்ல இருக்கோ அந்தப் பக்கம் போட்டி நகரும். பெண்கள் மேஜர்ல செவ்ரான் சாம்பியன்ஷிப், 1972-ல இருந்து கலிபோர்னியால மிஷன் ஹில்ஸ்ல நடந்தது, ஜெயிச்சவங்க குளத்துல குதிக்கறது அங்க வந்த வழக்கம், செவ்ரான் ஸ்பான்சர் ஆன உடனே 2023-ல டெக்சாஸுக்கு போயிடுச்சு. பரிசுத் தொகை கூடுச்சு, அது நல்லது. ஐம்பது வருஷ ஞாபகத்தை வேற ஊர்ல இறக்கி வைக்க முடியுமா, எனக்கு மனசு ஒப்பல.

டூர் தானே கோர்ஸ் கட்டிக்கறதும் உண்டு. ஃபுளோரிடால சாக்ராஸ்ல 415 ஏக்கரை ஒரு டாலருக்கு வாங்கி, டிசைனர் பீட் டையை வெச்சு, ஜனங்க நின்னு பாக்கறதுக்குன்னே மண்மேடு போட்டு கட்டினார் அப்போ பி.ஜி.ஏ டூர் தலைவரா இருந்த டீன் பீமன். நான் முதல்ல சொன்ன கயிறுக்கு வெளிய இருக்கற நிலத்தை முதல்ல யோசிச்சு அப்புறம் ஹோலை வெச்ச கோர்ஸ் அது. 1982-ல ஜெர்ரி பேட் ஜெயிச்சு, பீமனையும் டையையும் குளத்துல தள்ளிவிட்டு தானும் குதிச்சார்.

2025 நவம்பர் 3

தேதி பத்தி ஒரே வரி கேட்டிருந்தீங்க. ஆமா, தேதியும் கோர்ஸை முடிவு பண்ணும். பி.ஜி.ஏ சாம்பியன்ஷிப் 2019-ல ஆகஸ்ட்ல இருந்து மே மாசத்துக்கு வந்ததும் தெற்கு மாநிலங்களுக்கு வசதி ஆச்சு, வடக்குல சிக்கல். 2023-ல ஓக் ஹில்ல முதல் நாள் காலைல உறைபனி விழுந்து ஆட்டமே லேட்டா ஆரம்பிச்சுது. 156 பேர் ஆடற போட்டிக்கு வெளிச்சம் எத்தனை மணி நேரம் இருக்குங்கறதும் கணக்கு, அதனாலதான் நிறைய பேர் ஆடற மேஜருங்க பகல் நீளமா இருக்கற மே, ஜூன், ஜூலைல வருது.

2025 நவம்பர் 9

"உங்க கைல அதிகாரம் இருந்தா?" சரி, சொல்றேன். அஞ்சு யு.எஸ். ஓபன்ல ஒண்ணு கட்டாயம் பொதுஜனம் கட்டணம் கட்டி ஆடற கோர்ஸ்ல, அதுவும் பெபிள் பீச் மாதிரி விலை இல்லாம, அரசோ நகராட்சியோ நடத்தற கோர்ஸ்ல. சேம்பர்ஸ் பேக்கு இன்னொரு வாய்ப்பு, இப்போ கிரீன் சரியா இருக்கு. ஓபனுக்கு அயர்லாந்து குடியரசுல போர்ட்மார்னாக் பத்தி ஆர் அண்ட் ஏ பேசிட்டு இருக்காங்க, அது நடக்கணும். இங்கிலாந்துல லிதம் 2012 ஓபனுக்கு அப்புறம் காத்துட்டு இருக்கு, வீடுங்களுக்கு நடுவுல மாட்டிக்கிட்ட கோர்ஸ், டிக்கெட்டை குறைச்சாவது கொடுங்கன்னு சொல்வேன், மெரியன்ல முடிஞ்சது அங்க முடியாதா? பைன் வேலி? அங்க வேண்டாம். மூணாவது வாக்கர் கப் போதும்.